ஒரு கோப்பை பாலும் ஒரு சுளகு பொன்னாங்காணியும்

போன மாதம் உங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தபோது, புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "மேடம், உங்கட காலத்தில இந்த மெசின் ஒண்டும் இல்லைத்தானே. வேலையில எது சரியான கஷ்டமா இருந்தது?" நான் வன்னி வெயிலையும், நினைத்த நேரத்தில் நின்றுபோகும் மின்சாரத்தையும், காய்ச்சி வடித்த தண்ணீர் முடிந்து கையைப் பிசைந்துகொண்டு நின்ற நாட்களையும் சொல்லிச் சமாளித்தேன். எல்லோரும் சிரித்தீர்கள். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அந்தப் பிள்ளை கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை என்று பட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இலையை எப்படி உலர்த்துவது, எப்படி அரைப்பது, எந்தக் கரைசலை எவ்வளவு விடுவது என்று இதில் ஒரு வரியும் இருக்காது. அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எண் கைக்கு வந்து, அது ஆய்வுகூடத்தின் வாசலைத் தாண்டி வெளியே போன பிறகு என்ன நடக்கும் என்பதை மட்டும் எங்களுக்கு எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. உங்களுக்கும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். கிளிநொச்சியில் எங்கள் ஆய்வுகூடம் ஓட்டுக்கூரை போட்ட இரண்டு அறைகள்தான். முரசுமோட்டையில் இருந்து நான் சைக்கிளில் வருவேன். எங்களுக்கு மேலே இருந்தவர் ஒரு மூத்த இரசாயனவியலாளர். தன் பெயர் எங்கேயும் வருவது அவருக்குப் பிடிக்காது, ஆகவே இங்கேயும் போடவில்லை. முகத்துக்கு நேரே 'சேர்' என்போம், மற்றப்படி 'பெரியவர்'. காலையில் வந்ததும் சுகம் விசாரிக்க மாட்டார். "வெற்றுச் சோதனை செய்தனியோ? நிறை ரெண்டாந்தரம் பாத்தனியோ?" இவ்வளவுதான் அவருடைய காலை வணக்கம். போத்தலில் பெயர் ஒட்டாமல் வைத்துவிட்டால் அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

அந்த வருடம் எங்களிடம் வந்த வேலை பொன்னாங்காணி. அக்கராயன் பக்கத்துக் குடியேற்றம் ஒன்றில் சில பிள்ளைகளுக்குப் பொழுதுபட்டால் கண் தெரியவில்லை. அங்கே பால் கொடுத்துவந்த தொண்டு அமைப்பு ஒன்று, வாய்க்கால் ஓரமெல்லாம் மண்டிக் கிடக்கும் இந்தக் கீரையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் பலன் உண்டா என்று கேட்டிருந்தது. கண்ணுக்கும் குளிர்ச்சிக்கும் நல்லது என்று ஊரே சாப்பிடுகிற கீரைதான். அதில் என்ன சத்து இருக்கிறது, மருந்துக் குணம் என்று சொல்லப்படுவதற்குக் காரணமான பொருட்கள் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்துச் சொல்லவேண்டும்.

இலைச் சாற்றைக் குலுக்கினால் நுரைத்தது. ஒரு கரைசலை விட்டால் கறுத்தது, இன்னொன்றை விட்டால் மஞ்சளானது. நாங்கள் இளசுகள், துள்ளிக் குதித்தோம். "சேர், இது அருமருந்து எண்டு எழுதலாம்" என்று ஒருவன் சொன்னான். பெரியவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அவனைப் பார்த்தார். "நிறம் மாறினதெண்டால் நிறம் மாறினது எண்டு எழுது. மருந்தெண்டு உனக்கு ஆர் சொன்னது? போத்தலோ?" அவன் 'நிறம் மாறியது' என்று மட்டும் எழுதினான்.

அவரிடம் இன்னொரு கண்டிப்பும் இருந்தது. ஆய்வுகூடத்தின் எண்ணை நாங்கள் யாரும் வெளியே போய் விளக்கக்கூடாது. "கையெழுத்து என்ரை. விளங்காதவை என்னட்டை வரட்டும்" என்பார். காரணம் இல்லாமல் இல்லை. எனக்கு முன்பு வேலை செய்த ஒருவர், மண் பரிசோதனைக்குக் கொடுத்திருந்த கமக்காரர் ஒருவரைச் சந்தையில் கண்டபோது, "உங்கட மண் புளிச்சுப்போச்சு" என்று வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டார். அந்த மனிதர் சுண்ணாம்பை அள்ளிக் கொட்டி அந்தப் போகத்தையே கருக்கிவிட்டார். பெரியவரால் அதை மறக்க முடியவில்லை.

இலை பறிக்க அக்கராயனுக்குப் போனபோதுதான் லெட்சுமியைக் கண்டேன். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்தவள். எழுபத்தேழு இனக்கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வன்னிக்கு வந்து, வாய்க்கால் முடியும் இடத்தில் கொட்டில் போட்டு இருந்தாள். புருசன் வயல் வேலைக்குப் போவான். நான் குனிந்து ஒவ்வொரு தண்டாகக் கிள்ளுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவள், "தள்ளுங்க மிஸ், இப்பிடிப் பறிச்சா பொழுது விடிஞ்சிரும்" என்று சொல்லி இறங்கினாள். இரண்டு கையும் மாறி மாறிப் பறந்தன. என் ஓலைக் கடகம் நிரம்பிய பிறகுதான் நிமிர்ந்தாள்.

அவளுடைய மகள் சாந்தி. இரண்டு வயது ஆகவில்லை. ஒரு வயதாக இருந்தபோது அந்தப் பிள்ளை தப்பாது என்றே எல்லோரும் நினைத்தார்களாம். பிறகு தொண்டு அமைப்பு பால் கொடுக்கத் தொடங்கியது. தினமும் பின்னேரம் ஒரு கோப்பை. அதில்தான் அவள் மீண்டாள். நான் கண்டபோது தொடையில் சதை பிடித்து, பிடி விட்டு நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். என் விரலைப் பிடித்து வாயில் வைத்து நறுக்கென்று கடித்தாள். வலித்தது. ஆனாலும் அந்தப் பிள்ளையில் எனக்கு அப்போதே ஒரு வாரப்பாடு, ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது. அதை மறைக்க என்ன இருக்கிறது?

"இந்தக் கீரைய எதுக்கு மிஸ் கொண்டுபோறீங்க?" என்று லெட்சுமி கேட்டாள். எவ்வளவு சத்து இருக்கிறது என்று பார்க்கப்போகிறோம் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நம்ம வாய்க்கால் கீரையவா? நல்லாப் பாருங்க" என்றாள்.

எங்கள் வேலை முடிந்தது. பெரியவர் அட்டவணையைத் தயாரித்துக் கையெழுத்திட்டு அனுப்பினார். அதில் ஒரு பிழையும் இல்லை. இப்போதும் சத்தியம் பண்ணுவேன். உலர்ந்த இலை நூறு பங்கில் புரதம் இவ்வளவு, சுண்ணாம்புச் சத்து இவ்வளவு, இரும்பு இவ்வளவு, கண்ணுக்கான சத்து இவ்வளவு என்று எழுதி, 'உலர் நிறை அடிப்படையில்' என்று மேலே தெளிவாகவும் போட்டிருந்தார். உலகம் முழுக்க அப்படித்தான் போடுவார்கள். பச்சை இலையில் தண்ணீர் காலையில் ஒரு மாதிரி, மத்தியானம் ஒரு மாதிரி. உலர்த்தினால்தான் ஒரு இலையை இன்னொரு இலையோடு ஒப்பிடலாம். உங்களுக்கும் எனக்கும் அந்த மூன்று சொற்களைக் கண்டவுடன் விளங்கும்.

மாரி தொடங்கி வாய்க்காலில் தண்ணீர் ஓடியதும், அந்தப் பருவத்து இலையையும் கொண்டுவந்து பார்க்கவேண்டும் என்று பெரியவர் என்னை மறுபடி அனுப்பினார். காலை பஸ்ஸில் போய் இறங்கினேன். பால் கொடுக்கும் கொட்டிலைக் கடந்துதான் லெட்சுமி வீட்டுக்குப் போகவேண்டும். கொட்டில் வாசலில் புதிதாக ஒரு பலகை தொங்கியது. பச்சை மையில் இலை ஒன்றைக்கூட வரைந்திருந்தார்கள். 'ஒரு கைப்பிடி பொன்னாங்காணி ஒரு கோப்பை பாலுக்குச் சமன். எங்கள் கீரை, எங்கள் செல்வம்.' முதலில் எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. நாலு எட்டு வைத்த பிறகுதான் 'கைப்பிடி' என்ற சொல் உறைத்தது. எந்தக் கைப்பிடி? உலர்ந்த தூளிலா, பச்சை இலையிலா?

லெட்சுமி தூரத்திலேயே என்னைக் கண்டுவிட்டாள். ஓடிவந்து என் கையில் இருந்த கடகத்தைப் பறித்துக்கொண்டாள். முகமெல்லாம் பூரிப்பு.

"மிஸ், நம்ம கீரை பாலையே தோக்கடிச்சிருச்சாமே! போர்டு பாத்தீங்களா? அருளப்பு ஐயா எல்லாருக்கும் படிச்சுக் காட்டுனாரு. இந்தக் கீரையப் பறிச்சுக் குடுத்தது லெட்சுமிதான்னு என் பேரையும் சொன்னாரு மிஸ்."

அருளப்பு என்பவர் பாலுக்குப் பொறுப்பானவர். முல்லைத்தீவுக் கரையோரத்தில் கடற்தொழில் செய்யும், வேதக்காரர் எனப்படும் கிறிஸ்தவக் குடும்பத்து மனிதர். கடலுக்குப் போவதை விட்டுவிட்டு இந்தச் சேவைக்கு வந்தவர். நல்ல இதயம். அட்டவணையை வாசித்து, கீரையின் எண்ணையும் பாலின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். மேலே இருந்த மூன்று சொற்களில் அவருடைய கண் நிற்கவில்லை.

லெட்சுமியின் கொட்டிலுக்குள் போனேன். மூலையில் சாக்கில் சாந்தி படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பவில்லை. தூக்கினேன், தோளில் சாய்ந்துகொண்டாள். போனமுறை கையில் கனத்த பிள்ளை. கால் இரண்டும் மறுபடி குச்சியாகி, வயிறு மட்டும் உப்பியிருந்தது. கடிக்கட்டும் என்று விரலை வாயருகே கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன லெட்சுமி, பிள்ளைக்கு?"

"வயித்தால போகுது மிஸ். பச்சை பச்சையாப் போகுது. கீரை புடிக்கல போல, வாயில வச்சா துப்புறா. நான் விடுறதில்ல. மூணு வேளையும் கடைஞ்சு ஊட்டிர்றேன்."

"பால்?"

"பால நிப்பாட்டிட்டேனே." அவள் அதை எவ்வளவு பெருமையோடு சொன்னாள் என்பது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "பக்கத்துல ராமாயின்னு புதுசா வந்திருக்காங்க மிஸ். அவ புள்ள குமாருக்குப் பதிவு இல்ல, பால் குடுக்க மாட்டேங்குறாங்க. நம்மகிட்டதான் பாலவிட ஒசத்தியானது வாசல்லயே மொளைக்குதே. நம்ம கோப்பைய அந்தப் புள்ளைக்குக் குடுத்துட்டேன்."

இந்தப் பெண் தோட்டத்திலும் வரிசையில் நின்றவள், இங்கேயும் வரிசையில் நின்றவள். வாழ்நாளில் முதல் தடவையாக இன்னொருத்திக்குக் கொடுக்க அவளிடம் ஒன்று இருந்தது. அந்தப் பெருமையை அவளுக்குக் கொடுத்தது எங்கள் எண். அவளுடைய பிள்ளையை உருக்கிக்கொண்டிருந்ததும் அதே எண்.

இன்னும் ஒரு செய்தியையும் சொன்னாள். அன்று பின்னேரம்தான் அங்கே கடைசிப் பால். கீரை இருப்பதால் இனி இங்கே பால் தேவையில்லை, பால்மாவை மல்லாவிப் பக்கம் கொண்டுபோகப் போகிறார்கள்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் உங்களை என் நிலையில் வைத்துப் பாருங்கள். ஆய்வுகூடத்தோடு கதைக்கத் தொலைபேசி இல்லை. பால் வருவதற்குள் கிளிநொச்சிக்குப் போய்ப் பெரியவரைக் கூட்டிவர பஸ் இல்லை. வெளியே விளக்கம் சொல்லாதே என்பது அவருடைய கட்டளை. பலகை பொய் என்று சொன்னால், நாளைக்கே ஊர் முழுக்கக் கீரையைத் தூக்கி எறியும், பொழுதுபட்டால் தடுமாறுகிற பிள்ளைகளுக்கு உண்மையாகவே உதவக்கூடிய ஒன்று கைவிட்டுப் போகும். பலகை மெய் என்று சொன்னால் என் தோளில் கிடக்கும் இந்தப் பிள்ளை போய்விடும். சும்மா இருந்தாலும் அதுதான் நடக்கும்.

நான் தொடங்கினேன். படித்த புத்தியில், "லெட்சுமி, இலையில ஈரப்பதன் எண்டு ஒண்டு இருக்கு. நூறு பங்கில..." என்று ஏதேதோ சொன்னேன். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். முடிவில், "அப்ப போர்டுல இருக்கது பொய்யா மிஸ்?" என்றாள். நான் பயந்த கேள்வியே வந்தது. முகத்தில் இருந்த பூரிப்பு வடியத் தொடங்கியது.

அவளே என் சங்கடத்தைப் பார்த்துவிட்டு எழுந்துபோய், அடுப்பில் இருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து தந்தாள். நல்ல சாயம், மணம் எழும்பியது. கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கேட்டேன்.

"லெட்சுமி, மலையில ஒரு கூடை கொழுந்து பறிச்சுக் குடுத்தால், பெக்டரியில அது எவ்வளவு தூளா வரும்?"

அவள் சிரித்துவிட்டாள். "அத ஏன் கேக்குறீங்க. முதுகு ஒடியப் பறிச்சிட்டுப் போவோம். கூடை நெறயக் கொழுந்து காஞ்சு வறுபட்டு வந்தா அடியில கொஞ்சூண்டு கெடக்கும். தண்ணியெல்லாம் போயிரும்ல."

"உங்கட கீரையையும் நாங்கள் அப்பிடித்தான் காயவைச்சுத் தூளாக்கிப்போட்டு அளந்தனாங்கள்."

அவளுடைய சிரிப்பு நின்றது.

"அப்ப போர்டுல இருக்க கைப்பிடி... தூளா மிஸ்?"

"ஓம். கீரை நல்ல கீரைதான். எண்ணும் சரி. ஆனால் அது தூளின்ரை எண்."

"பச்சையா எம்புட்டு வேணும், ஒரு கோப்பைப் பாலுக்கு?"

வெளியே போய் இருவரும் பறித்தோம். அவள் அரிசி புடைக்கும் சுளகில் கொட்டினேன். சுளகு நிறைந்து குவிந்தது. "இவ்வளவு ஒரு வேளைக்கு. அதுவும் பாலில இருக்கிற கொழுப்பு இதில இல்லை. ஓடித்திரியிற பிள்ளைக்கு அதுவும் வேணும்" என்றேன். நிறுத்துப் பார்க்கத் தராசு இல்லை. ஆனால் எங்கள் ஆய்வுகூடத்தில் பச்சையாய்ப் போன கடகம் எவ்வளவாய் வந்தது என்று என் கைக்கு நன்றாகத் தெரியும்.

லெட்சுமி குவியலைப் பார்த்தாள். பிறகு மகளுடைய வயிற்றைப் பார்த்தாள்.

"இம்புட்டையும் இவ எங்க மிஸ் வச்சுக்குவா?"

அப்படியே குந்திவிட்டாள். அழுகை சத்தமில்லாமல் வந்தது. "நான்தான் எம் புள்ளைய..." என்று தொடங்கினாள். நான் முடிக்க விடவில்லை. பக்கத்தில் இருந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்கள் பிழை செய்யேல்லை லெட்சுமி. கீரை குடுத்தது சரி, குமாருக்குக் குடுத்ததும் சரி. பிள்ளைக்கு ஒரு கரண்டி கீரை போதும், கண்ணுக்கு அது காணும். வயிறு சரியாகும் வரைக்கும் அதையும் கொஞ்சம் விட்டுப்பிடியுங்கோ. பால் கட்டாயம் வேணும்." ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள் கண்கலங்கக்கூடாது என்று எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்று கேட்டாள். அதற்கு என்னிடம் எந்த அட்டவணையும் இருக்கவில்லை. "இப்ப நான் போயி ராமாயிகிட்ட கோப்பையத் திருப்பிக் கேக்கணுமா மிஸ்? அந்தப் புள்ள இப்பதான் மொகம் தெளிஞ்சு வருது."

பின்னேரம் அருளப்புவின் உழவு இயந்திரம் வந்தது. அதன் இழுவைப் பெட்டியில் பெரிய பால் கிடாரமும் மிச்சப் பால்மா மூட்டைகளும். கோப்பைகளோடு தாய்மார் வரிசையில் நின்றார்கள். நான் போய் அவரை ஒதுக்கமாகக் கூப்பிட்டேன். அவர் உற்சாகத்தில் இருந்தார். "வாங்கோ தங்கச்சி! உங்களாலதான் இந்தச் சனத்துக்கு விடிவு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். ஒதுக்கமாகக் கதைக்கிற வாய்ப்பு அத்தோடு போய்விட்டது.

பலகையை மாற்றவேண்டும், பாலை நிறுத்தக்கூடாது என்றேன். அவருடைய முகம் மாறியது.

"தங்கச்சி, உங்கட ஆய்வுகூடத்தின்ரை எண் பிழையோ? ஓம் எண்டால் ஓம் எண்டு சொல்லுங்கோ, இல்லை எண்டால் இல்லை எண்டு சொல்லுங்கோ. இவ்வளவு சனத்துக்கு முன்னால நான் வாசிச்சுக் காட்டினனான்."

வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது. பெரியவரின் கண்டிப்பு நினைவுக்கு வந்தது. சுண்ணாம்பில் கருகிய வயலும் நினைவுக்கு வந்தது. சொல்லக்கூடாததைச் சொல்லியும் வயல் கருகும், சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டாலும் கருகும் என்று அந்தக் கணத்தில்தான் எனக்குப் பட்டது.

"எண் சரி அண்ணை. பலகைதான் பிழை" என்றேன். "நாங்கள் அளந்தது காய்ஞ்ச தூளை. இந்தப் பிள்ளையள் தின்னுறது பச்சைக் கீரை. கீரையை ஒருத்தரும் விடவேண்டாம், அது கண்ணுக்கு நல்லது. ஆனால் பாலுக்குப் பதில் எண்டு எங்கட எண் சொல்லேல்லை. பாலை இஞ்சையிருந்து எடுக்கிறதுக்கு எங்கட எண்ணைச் சாட்சிக்குக் கூப்பிடாதேங்கோ."

அவர் அகப்பையைக் கிடாரத்தின்மேல் வைத்தார். கோபிக்கவில்லை. அவருக்குக் கவலைதான் வந்தது. "மல்லாவியில ஒரு சொட்டுப் பாலும் காணாத பிள்ளையள் இருக்கினம் தங்கச்சி. நான் அங்கை போய் என்னத்தைச் சொல்லுறது?" என்றார். தெரியாது என்றுதான் சொன்னேன்.

அப்போது லெட்சுமி வந்தாள். இடுப்பில் சாந்தி. கையில் இரண்டு கோப்பைகள். பின்னால் ராமாயி, தன் மகனைப் பிடித்துக்கொண்டு, வரலாமா கூடாதா என்று தயங்கித் தயங்கி. லெட்சுமி வரிசையில் நிற்கவில்லை. நேரே கிடாரத்துக்குப் பக்கத்தில் வந்து இரண்டு கோப்பையையும் வைத்தாள்.

"ஐயா, எம் புள்ளைக்குப் பால் வேணும். இந்தப் புள்ளைக்கும் வேணும்."

"இந்தப் பிள்ளைக்குப் பதிவு இல்லையே, அம்மா."

"பதிஞ்சுக்கங்க." குரல் உயரவில்லை. "கீரைய நாங்க பாத்துக்கிறோம் ஐயா. வாய்க்கால்ல கெடக்கு, பறிக்கக் கை இருக்கு. பாலுக்கு நாங்க எங்க போவோம்? அத நீங்க பாருங்க."

அருளப்பு அவளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கடைசியாக அகப்பையை எடுத்தார். இரண்டு கோப்பையும் நிரம்பின. அன்று பால்மா மூட்டைகள் உழவு இயந்திரத்தை விட்டு இறங்கின. மல்லாவிக்குப் பால் பிறகுதான் கிடைத்தது. அதற்காக அவர் எத்தனை வாசலில் ஏறி இறங்கினார் என்பதை நான் அறிவேன். எங்கள் எண்ணைக் காட்டி மட்டும் அவர் பிறகு எங்கேயும் கேட்கவில்லை.

சாந்தி தேறினாள். மழை ஓய்வதற்கு முன்னமே வாய்க்கால் கட்டின்மேல் ஓடித்திரிகிறாள் என்று அருளப்பு ஒருநாள் ஆய்வுகூட வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தக் கதையில் இருந்து நீங்கள் எடுக்கவேண்டியது உலர் நிறை, பச்சை நிறை என்ற வித்தியாசம் அல்ல. அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. உங்கள் எண்ணை வாசிக்கப்போவது யார், அவர் அதை என்ன செய்வார் என்று அனுப்புவதற்கு முன் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். முடிந்தால் போய்ப் பாருங்கள். விளக்கவேண்டி வந்தால், கேட்கிறவர் வாழ்ந்த வாழ்க்கைக்குள் போய் ஒரு சொல்லைத் தேடுங்கள். ஈரப்பதன் என்று நான் மூச்சுப்பிடித்துச் சொன்னது லெட்சுமிக்கு விளங்கவில்லை, கொழுந்து என்றதும் விளங்கியது. இன்னொன்று. ஒரு ஏழை மனிசிக்கு நம் எண்ணால் பெருமை கிடைத்திருந்தால், பிழையைத் திருத்துகிற அவசரத்தில் அந்தப் பெருமையையும் சேர்த்துப் பிடுங்கிவிடாதீர்கள். கீரை அவளுடையதுதான், நல்ல கீரைதான். அந்த அளவுக்கு அது உண்மை.

அடுத்த நாள் காலை நான் பயந்துகொண்டுதான் வேலைக்குப் போனேன். பெரியவர் தராசுக்கு முன்னால் இருந்தார். நடந்தது எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அவருடைய கட்டளையை மீறி, ஒரு ஊருக்கு முன்னால் அவர் கையெழுத்திட்ட எண்ணுக்கு நான் விளக்கம் சொன்னதையும் ஒளிக்காமல் சொன்னேன். ஏச்சு விழப்போகிறது என்று காத்திருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எண்ணில பிழையில்லை" என்றார்.

"ஓம் சேர்."

"சுளகு நிறைஞ்சதோ?"

"குவிஞ்சது சேர்."

தராசின் கண்ணாடிக் கதவை மெதுவாகச் சாத்தினார். பக்கத்தில் கிடந்த கதிரையைக் காலால் இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். அவரிடம் வேலைக்குச் சேர்ந்ததில் இருந்து அவர் என்னை இருக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. வெற்றுச் சோதனை செய்தாயா என்று அன்று கேட்கவில்லை. வேறு ஒன்றைத்தான் கேட்டார்.

"அந்தப் பிள்ளை பால் குடிச்சதோ?"

"குடிச்சது சேர். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் குடிச்சது."